மீதிக் கொடி

என் அண்ணனுக்கு வாழ்க்கை முழுக்க ஒரே வேலைதான். காலையில் ஏற்றுவார், சாயங்காலம் இறக்குவார். இப்படிச் சொன்னால் லிஃப்ட் ஓட்டுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். லிஃப்ட் இல்லை, கொடி. நகராட்சி அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்த முதல் வாரம், வழக்கமாகக் கொடி ஏற்றுகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். "நீ போய் ஏத்துப்பா" என்று யாரோ சொல்ல, அன்றைக்குப் பிடித்த கயிறு. அதிலிருந்து அவர் பெயர் கொடிக்காரர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார்.

நான் அவருக்கு ஒரே தங்கை. அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும். நாள் முழுக்கச் சூட்டில் நிற்கிறவளுக்குக் கோபம் வராமல் குளிரா வரும்? அண்ணனைப் பற்றி இப்போது ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டம், பெற்ற பெண்ணைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனபோது கல்லு மாதிரி நின்றவர் என்கிறது. இன்னொரு கூட்டம், நாட்டை அவமானப்படுத்தியவளைப் பெற்றவர் என்கிறது. இரண்டையும் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளுங்கள்.

அண்ணன் கொடியைத் தொடுவதைப் பார்த்திருக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் கயிற்றில் கை வைப்பார். ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்றுவார். இறக்கும்போது மட்டும் தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்குவார். ஒரு முனை தரையில் படாது. மழை வந்தால் குடையை மறந்துவிட்டுக் கம்பத்துக்கு ஓடுவார். வாரத்துக்கு ஒருமுறை என் கடைக்குக் கொண்டு வருவார். "சூடு கம்மியா வெச்சுக்கோ" என்பார், ஒவ்வொரு தடவையும். "ஏண்ணே, நான் என்ன நேத்துதான் கடை தெறந்தேனா?" என்பேன், ஒவ்வொரு தடவையும். அவர் சிரிக்க மாட்டார். மற்ற விஷயத்தில் நன்றாகச் சிரிக்கிறவர்தான், என் சமையலைப் பற்றிக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கொடி என்று வந்துவிட்டால் முகம் வேறாகிவிடும்.

கொடி பழசானால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் முதலில் தெரியாது. குப்பையில் போடக் கூடாது, துடைக்கிற துணியாக்கக் கூடாது, பழைய துணிக்காரனிடம் தள்ளவும் கூடாது. எரிக்க வேண்டும். ஆமாம், எரிக்கத்தான் வேண்டும். அரசாங்கம் வைத்த விதியே அதுதான். ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒதுக்குப்புறமாக ஓர் இடம், சுத்தமான செங்கல் அடுப்பு, காய்ந்த விறகு. வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மடித்த கொடியை நெருப்பின் மேல் இரண்டு கையாலும் வைக்க வேண்டும். கடைசி நூல் எரிகிற வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. சாம்பல் ஆறியதும் குழி தோண்டி மூட வேண்டும். அலுவலகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், அண்ணன் இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு தடவை நான் தெரியாமல் போய் நின்றுவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பக்கம் போம்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டுச் சத்தம் போடாமல் வந்துவிட்டேன். என் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியமா?

அண்ணனுக்கு ஒரே பெண். மேற்குத் தெரு நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உருவம் அண்ணியைக் கொண்டது, பிடிவாதம் அப்படியே அண்ணன். ஒன்றை மனதில் வைத்துவிட்டால் யானை கட்டி இழுத்தாலும் நகர மாட்டாள். அவள் வகுப்பறையின் மேல்தளம் மழைக்கு ஊறி, காரை பெயர்ந்து, கம்பி தெரிந்தது. எழுதிப் போட்டாள், நேரில் போய் நின்றாள். நகராட்சி ஆபீசர் ஒவ்வொரு முறையும் "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த வருஷம் நகராட்சிக்கு முன்னால் புதிதாக ஒரு கொடிக்கம்பம் நடுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சுற்று வட்டாரத்திலேயே உயரமான கம்பம். பத்துத் தெரு தள்ளி நின்றாலும் தெரியும்.

ஒரு மழை நாளில் வகுப்பு நடக்கும்போதே தளம் இடிந்து விழுந்தது. ஒரு பெண் குழந்தை போய்விட்டது. கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று அந்தக் குழந்தை சொன்னதால், முந்தின வாரம்தான் என் அண்ணன் மகள் அவளைக் கடைசி வரிசையிலிருந்து முன் வரிசைக்கு மாற்றி உட்கார வைத்திருந்தாள். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை.

புதுக் கம்பத்தின் திறப்பு விழாவைத் தள்ளிப் போடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். தேதி குறித்தாகிவிட்டது, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விழாவுக்கு முந்தின நாள் ஆபீசர் அண்ணனைக் கூப்பிட்டார். பழைய கம்பத்தில் பறந்த கொடி நைந்துபோய், நிறம் வெளுத்திருந்தது. "அதை இன்னிக்கே முடிச்சிடுங்க. நாளைக்குப் புதுசு மட்டும்தான் இருக்கணும்" என்றார்.

வெளியே கொட்டுகிற மழை. விறகெல்லாம் ஊறிக்கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சட்டுப்புட்டென்று முடித்திருக்கலாம், வேறு யாராவது இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். அண்ணனுக்கு அது ஆகாது. ஈர விறகில் வைத்தால் பாதி கருகிப் பாதி நிற்கும், கொடியைப் புகைய விடுவது அதை அவமதிப்பது என்பது அவர் கணக்கு. வெயில் வந்ததும் வீட்டுக் கொல்லையில் முறையாகச் செய்துவிடலாம் என்று மடித்து ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துவந்துவிட்டார். சாயங்காலம் ஆபீசர் கேட்டார். "முடிஞ்சுதா?"

"ஆச்சுங்க ஐயா" என்றார் அண்ணன். அவ்வளவு வருஷ வேலையில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். கொடிக்கு மரியாதை குறையக் கூடாது என்று சொன்ன பொய். அவருக்குத்தான் இப்படியெல்லாம் பொய் சொல்ல வரும்.

மறுநாள் என் கடை வாசலில் நின்றால் விழா முழுக்கத் தெரிந்தது. மேடை, மைக், பெரிய மனிதர்கள், நடுவில் வானத்தைக் குத்துகிற கம்பம். அண்ணன் வெள்ளைச் சட்டையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சட்டை நான் இஸ்திரி போட்டது. புதுக்கொடி பாதி உயரம் ஏறியபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அண்ணன் மகள் முன்னால் வந்தாள். கையில் வீட்டிலிருந்த அந்தத் துணிப்பை. பழைய கொடியை எடுத்தாள், விரித்துப் பிடித்தாள், தீப்பெட்டியை உரசினாள்.

"கொடிக்கு இவ்வளவு பெரிய கம்பம் நடத் தெரிஞ்சவங்களுக்கு எங்க புள்ள தலைக்கு மேல ஒரு கூரை போடத் தெரியல" என்றாள். கத்தவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரல். மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால் ஊருக்கே கேட்டது.

பாதிதான் எரிந்தது. ஒரு போலீஸ்காரர் பாய்ந்து பிடுங்கிக் கீழே போட்டு, பூட்ஸ் காலால் மிதிமிதியென்று மிதித்து அணைத்தார். இரண்டு பேர் அவள் கையை முறுக்கினார்கள். யாரோ அவள் முகத்தில் அறைந்தார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. நான் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஓடினேன். யாரோ ஒரு பேங்க் ஆபீசரின் சட்டை, முதுகில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கு இன்று வரை என்னோடு சண்டை போடுகிறார்.

அண்ணன் ஓடவில்லை. இதைத்தான் ஊர் வாய் ஓயாமல் பேசுகிறது. அவர் கையில் கயிறு இருந்தது, கயிற்றின் அந்த முனையில் பாதி ஏறிய கொடி இருந்தது. விட்டால் சரசரவென்று தரைக்கு வந்துவிடும். அவர் பெண்ணைப் பார்த்துக்கொண்டே ஏற்றினார். மேலே போய் நின்றதும் முடிச்சைப் போட்டார். முடிச்சு ஒரு தடவை நழுவியது, மறுபடி போட்டார். அப்புறம்தான் ஓடினார். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது. வேன் பின்னாலேயே வெறுங்காலோடு தெருமுனை வரை ஓடி, அங்கே சாக்கடைப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தவள் நான். பேசுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

ஸ்டேஷனில் அவளைப் பார்க்க விட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். கன்னம் ஏற்கெனவே வீங்கியிருந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

"ஏண்டி, உனக்கு எரிக்க வேற எதுவும் கிடைக்கலியா? உங்கப்பா உசுரா நினைக்கறதுதான் கிடைச்சுதா?"

"வேற எதை எரிச்சாலும் யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க அத்தை. ஒரு நாற்காலிய எரிச்சிருந்தா, குளிர் காயறா போலன்னு போயிருப்பாங்க."

"அப்பாவுக்கு என்னடி பதில் சொல்லுவ?"

"அவர் கையில கயிறு இருந்துச்சுல்ல? விடலல்ல?" என்று கேட்டாள். விடவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். "கூரை விழுந்து புள்ள செத்துச்சு, ஒரு போலீஸ்காரர்கூட வரல அத்தை. கொடி பாதி எரியறதுக்குள்ள வேனோட வந்துட்டாங்க."

கொடியை எரிப்பவர்களுக்கு ஜெயில் என்பது சட்டம். எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா ஒல்லியாக, எந்நேரமும் டீயும் கையுமாக இருப்பார். அந்தக் கொடி எப்படி வந்தது என்று கேட்டார். அண்ணன் ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார். வக்கீலம்மா டம்ளரை டொக்கென்று வைத்தார்.

"ஐயா, இது போதும். கழிச்சுக் கட்டி, எரிக்கறதுக்குன்னு ஒதுக்கி வெச்சது. ஆபீஸ் கணக்குப்படி அது முந்தின நாளே எரிஞ்சு போச்சு. எரிஞ்சு போன கொடிய உங்க பொண்ணு எப்படி எரிக்க முடியும்? நீங்க கோர்ட்ல வந்து, அது கொடி இல்ல, கழிச்ச கந்தல் துணின்னு ஒரு வார்த்தை சொல்லணும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கந்தலா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்க. உங்க வேலைக்குத்தான் ஆபத்து வரும். பொய் சொன்னதா தெரிஞ்சுடும்ல."

"வேலை போனா போகுதுங்க. ஆனா அது கொடிதாங்க. கடைசி நூல் எரியற வரைக்கும் கொடிதான். இல்லாட்டி நான் எதுக்கு செருப்பைக் கழட்டிட்டு நிக்கறேன்?"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணி அதுவரை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். "ஏங்க, அவ நம்ம பொண்ணுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது?

வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் காய்ந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். கொடி இருக்கிற காலத்தில் மழை, வெயில் வந்தபோது கொடி இல்லை. அவருக்கும் அது தெரியும், இருந்தாலும் அடுக்கினார்.

"அவ செஞ்சது தப்பு" என்றார்.

"தப்புதான். யார் இல்லேன்னாங்க? தப்புன்னா வீட்டுல திட்டலாம், ஊரு கூடித் திட்டலாம், ரெண்டு நாள் பேசாம இருக்கலாம். அதுக்கு ஜெயிலாண்ணே? அந்தக் கூரையைக் கட்டினவன் காருல போறான்."

அவர் ஒரு விறகை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "நானும் எரிக்கறேன், அவளும் எரிச்சா. எத்தனையோ தடவை எரிச்சிருக்கேன், எனக்கு சபாஷ் சொன்னாங்க. அதே தீக்குச்சி, அதே கொடி. எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்னு ரோசிச்சிட்டே இருக்கேன்."

"நீங்க மரியாதையா எரிச்சீங்க. அவ கோபத்துல எரிச்சா. அதான் வித்தியாசம்."

"அப்ப ஜெயில் எதுக்கு? எரிச்சதுக்கா, கோபத்துக்கா?"

கோபப்படுகிறவர்களையெல்லாம் உள்ளே போடுவதென்றால் முதல் வேனில் நான்தான் ஏறியிருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அண்ணி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "சரி, சொல்றேன்" என்றார். "துணின்னே சொல்லிடறேன்." அண்ணி அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கோர்ட்டில் அந்தப் பாதிக் கொடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து மேஜை மேல் வைத்திருந்தார்கள். கருகின ஓரம், நடுவில் பூட்ஸ் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. மிதித்தவர் வாசலிலேயே காவலுக்கு நின்றார். அவர் மேல் ஒரு வழக்கும் இல்லை. ஒரு மூலையில் நான் போட்ட ஒட்டுத் தையல் தெரிந்தது. ஒரு புயலில் கிழிந்ததை நானே கையால் தைத்தது. என் தையலும் சாட்சிப் பொருளாகிவிட்டது. அண்ணன் அந்த உறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டார்களே என்பதுதான் அவருக்குக் கவலை. அவர் பெண்ணை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வக்கீலம்மா கேட்டார், அண்ணன் சொன்னார். நைந்துபோனது, வெளுத்தது, எரிக்க ஒதுக்கியது, எரித்ததாகப் பொய் சொன்னது, எல்லாம் சொன்னார். பின்னால் ஆபீசர் நெளிந்தார். கடைசியில் நீதிபதியே குனிந்து கேட்டார். கண்ணாடி போட்ட, களைத்த முகம், கெட்ட மனிதர் இல்லை.

"உங்களை விட்டா இதைச் சொல்ல ஆள் இல்ல. நீங்க பையில வெச்சு வீட்டுக்குக் கொண்டு போனது கொடியா, துணியா?"

அண்ணி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார்.

"துணிங்க ஐயா" என்றார். "கந்தல் துணி."

சொல்லிவிட்டுக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அப்பா செத்தபோதுகூட நான் அவரை அப்படிப் பார்க்கவில்லை. வக்கீலம்மா பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை போகட்டும், மானம் போகட்டும், பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவ்வளவுதானே வேண்டும்?

அப்போது அந்தக் கழுதை எழுந்து நின்றாள்.

"அப்பா, வேண்டாம்பா" என்றாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள். "எங்கப்பா எனக்காக இப்படிச் சொல்றாருங்க. அவர் வாயில இந்த வார்த்தை வரக் கூடாது. அது கொடிதான். கொடின்னு தெரிஞ்சுதான் எரிச்சேன். கந்தல் துணியா இருந்தா நான் எதுக்கு எரிக்கறேன், பலகை துடைக்க எடுத்துட்டுப் போயிருப்பேனே. செத்துப்போன புள்ளையும் காலையில பள்ளிக்கூடம் வர்ற வழியில அந்தக் கொடியப் பாத்து நின்னவதான். அவளுக்கும் அதுல பங்கு இருக்கு. அதனாலதான் எரிச்சேன்."

வக்கீலம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நான் எழுந்து "உக்காருடி!" என்று கத்திவிட்டேன். டவாலிச் சேவகர் என்னை வெளியே போகச் சொன்னார். போகும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் கட்டையை விட்டுவிட்டு நேராக நின்றார்.

கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் சட்டம் இந்த வழியை அனுமதிக்கவில்லை என்று நீதிபதி சொன்னார். ஒரு வருஷம் ஜெயில். மேலே அப்பீல் செய்ய வக்கீலம்மா எவ்வளவோ கெஞ்சினார், அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். அண்ணனுக்கு வேலை போனது. கூரை விஷயம் விசாரணையில் இருக்கிறது. அப்போதும் விசாரணையில் இருந்தது, இப்போதும் விசாரணையில் இருக்கிறது.

அண்ணி அதன் பிறகு அண்ணனோடு சரியாகப் பேசுவதில்லை. அண்ணன் மேல் தப்பில்லை என்று அண்ணிக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், யார் மேலாவது காட்ட வேண்டுமே. சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஜெயிலுக்குப் பார்க்கப் போனால் அண்ணனும் மகளும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நாள் மட்டும் அவர், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். "நீங்க ஏம்பா அப்படிச் சொன்னீங்க?" என்றாள். இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. பழைய கொடிகளை எரிக்க ஆள் இல்லை. யார் தீக்குச்சியைக் கிழிப்பது? தூரத்திலிருந்து எவனாவது போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டால்? புதிதாக வந்த ஊழியர் தனக்கு வயிற்று வலி என்கிறார், ஆபீசர் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார். நைந்த கொடிகள் பீரோவில் குவிந்து கிடக்கின்றன. எனக்குக் கேட்கக் கேட்கச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கோர்ட்டிலிருந்து குமாஸ்தா என் கடைக்கு வந்தார். வழக்கு முடிந்துவிட்டதால் சாட்சிப் பொருளை முறைப்படி அழித்துவிடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். அந்தப் பாதிக் கொடியை.

"அழிக்கறதுன்னா?" என்றேன்.

"எரிக்கறதுதாங்க. வேற எப்படி? ஆனா கோர்ட்ல யாரும் கை வைக்க மாட்டேங்கறாங்க. முறை தெரிஞ்சவர் உங்க அண்ணன்தான். அவர்கிட்ட நேரா கேக்க எனக்கு..." என்று இழுத்தார்.

எனக்குக் கையிலிருந்த பெட்டியை அவர் மேல் போட்டுவிடலாம் போலிருந்தது. "போயா அந்தப் பக்கம், வெட்கமா இல்ல?" என்று கத்தினேன். கடையோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தார். வேலை போனதிலிருந்து பகலில் என் கடையில்தான் இருப்பார். "பாதியில நிக்குது. முடிக்கணும்ல" என்றார். வீட்டுக்குப் போய், கொல்லையில் அடுக்கி வைத்திருந்த காய்ந்த விறகைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்.

கோர்ட்டுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி ஒரு மூலை. குமாஸ்தா முத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பாதுகாப்புக்கு ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருந்தார்கள், சின்ன வயசு. என்னை அண்ணன் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. அவர் செங்கல்லை அடுக்கினார். செருப்பைக் கழற்றினார். பூட்ஸ் தடத்தின் மண்ணை உள்ளங்கையால் தட்டித் தட்டி எடுத்தார், முழுக்கப் போகவில்லை. கருகின ஓரம் உள்ளே போகிற மாதிரி மடித்தார். இரண்டு கையாலும் நெருப்பின் மேல் வைத்தார்.

நன்றாகப் பிடித்தது. புகை இல்லை. என் தையல் கடைசியில்தான் எரிந்தது, கெட்டி நூல். அதுவும் போகிற வரை அவர் நகரவில்லை. சாம்பல் ஆறினதும் குழி தோண்டிக் கொட்டினார், மண்ணைத் தள்ளினார், காலால் மிதிக்காமல் கையால் அழுத்தினார். எல்லாம் எப்போதும் போல, ஒன்றும் குறையவில்லை.

பிறகு கையைத் தட்டிக்கொண்டு நேராகப் போலீஸ்காரரிடம் போய், இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.

"என்ன பெரியவரே?"

"பாதிய எரிச்சவ உள்ள இருக்கா. மீதிய நான் எரிச்சிட்டேன். கூட்டிட்டுப் போங்க தம்பி."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "நீங்க வேற! உங்களுக்குத்தான் கோர்ட் ஆர்டர் இருக்கே. எவ்வளவு மரியாதையா எரிச்சீங்க, பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"இல்ல தம்பி" என்றார் அண்ணன். "இந்தத் தடவை கோபத்துலதான் எரிச்சேன்."

போலீஸ்காரர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தரையைப் பார்த்தார். "அண்ணே, வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று நான் அவர் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன். அவர் இறக்கவில்லை.